மனித பி செல் தூண்டலில் மேற்பரப்பு மூலக்கூறுகளின் பங்கை ஆய்வகத்தில் கண்டறியும் முறை

நாகர்கோவில், மார்த்தாண்டம் வட்டாரக் கல்லூரிகளில் நுண்ணுயிரியலோ உயிர்த்தொழில்நுட்பமோ படித்து, முதுநிலை ஆய்வேட்டுக்கு நோயெதிர்ப்பியலைத் தேர்ந்தெடுக்கும் மாணவர்கள் பெரும்பாலும் இரத்தத்தில் எத்தனை சதவீதம் பி செல்கள் (எதிர்ப்பொருளை உருவாக்கும் வெள்ளணுக்கள்) உள்ளன என்று எண்ணுவதோடு நின்றுவிடுகிறார்கள். அதற்கு அடுத்த கேள்வி இன்னும் சுவையானது: ஓய்ந்திருக்கும் ஒரு பி செல் எந்த மூலக்கூறு தொடப்பட்டதால் விழித்துக்கொள்கிறது, எது தொடப்பட்டதால் விழிக்காமலே அடங்கிவிடுகிறது? பெரிய ஆராய்ச்சி நிறுவனம் எதுவும் பக்கத்தில் இல்லாவிட்டாலும், ஒரு கரியமில வாயு இன்குபேட்டரும், ஒரு சென்ட்ரிஃபியூஜும், நாள் ஒதுக்கி வாங்கிய ஃப்ளோ சைட்டோமீட்டர் (நிறமேற்றிய செல்களை ஒவ்வொன்றாக ஒளியால் அளக்கும் கருவி) நேரமும் இருந்தால் இக்கேள்விக்கு நேர்மையான விடை காண முடியும். அதற்கான வழிமுறையையே இங்கே எழுதுகிறேன்.

வழிமுறைக்குள் நுழையும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பி செல்லைத் தூண்டுவதற்காக நாம் வளர்ப்புத் தட்டின் குழியில் இடும் எந்தப் பொருளும் நாம் நினைத்த மூலக்கூறை மட்டுமே தொடும் என்பதற்கு உறுதியில்லை. எனவே எந்த முடிவைக் கண்டாலும், இந்தப் பொருள் செல்லின் மேற்பரப்பில் எவற்றையெல்லாம் ஒருசேரப் பிடித்தது என்ற கேள்வியை முதலில் எழுப்ப வேண்டும். கீழே வரும் ஏற்பாடுகள் அனைத்தும் அந்தக் கேள்விக்காகவே அமைந்தவை.

கவனிக்க வேண்டிய மூலக்கூறுகள்

நடுவில் இருப்பது பி செல் ஏற்பி. செல்லின் மேல் பதிந்த ஐஜிஎம் அல்லது ஐஜிடி வகை எதிர்ப்பொருள் ஆன்டிஜெனை (எதிர்ப்பொருள் அடையாளம் காணும் பொருளை)ப் பிடிக்கிறது; ஆனால் ஐஜிஎம்மின் செல்லுக்குள் நீளும் வால் மூன்றே அமினோ அமிலங்கள் கொண்டதாகையால், அதனால் தனியே சமிக்ஞை அனுப்ப இயலாது. அந்த வேலையை அதனுடன் ஒட்டியிருக்கும் சிடி79ஏ, சிடி79பி ஆகிய இரண்டும் செய்கின்றன (சிடி என்பது செல் மேற்பரப்பு மூலக்கூறுகளுக்கு இடும் வரிசைப் பெயர்). ஏற்பிகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டதும், லின் என்னும் நொதி அவற்றின் உள்வால்களிலுள்ள டைரோசின்களில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அந்த இடத்தில் சிக் என்னும் மற்றொரு நொதி வந்து அமர்கிறது. அடுத்து பிடிகே, பிஎல்சி காமா 2 ஆகிய நொதிகள் என்று தொடர் நீண்டு, செல்லுக்குள் கால்சியம் பாய்கிறது. இத்தொடரில் பிடிகே எவ்வளவு இன்றியமையாதது என்பதை மனிதர்களிடமே காணலாம். 1952இல் ஆக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க மருத்துவர், அடிக்கடி கிருமித் தொற்றுக்கு ஆளான ஒரு சிறுவனின் இரத்தத்தில் காமா குளோபுலின் இல்லை என்று அறிவித்தார். அந்நோய்க்குக் காரணமான மரபணு பிடிகேதான் என்பது 1993இல் தெரியவந்தது.

ஏற்பிக்குத் துணை நிற்பது சிடி19, சிடி21, சிடி81 ஆகியவை சேர்ந்த கூட்டு. நிரப்புப் புரதத்தின் (கிருமியின் மேல் ஒட்டி அதை அடையாளமிடும் இரத்தப் புரதத்தின்) சி3டி என்னும் துண்டு ஒட்டிய ஆன்டிஜென் வரும்போது, ஆன்டிஜெனை ஏற்பியும் சி3டியை சிடி21உம் பிடிக்க, இரண்டும் அருகருகே இழுக்கப்பட்டு சிடி19 வழியாகச் சமிக்ஞை வலுப்பெறுகிறது. இந்த வலு எவ்வளவு என்பதை 1996இல் எலிகளில் செய்த ஆய்வு அளந்து காட்டியது: கோழிமுட்டை லைசோசைமுடன் சி3டியின் இரு பிரதிகளை இணைத்தபோது அதன் தூண்டும் திறன் ஆயிரம் மடங்கும், மூன்று பிரதிகளை இணைத்தபோது பத்தாயிரம் மடங்கும் உயர்ந்தது. மனிதரில் இதற்கு ஈடான சான்று நோயாளிகளிடமிருந்து வந்தது. சிடி19 மரபணு பழுதுபட்டவர்களைப் பற்றி 2006இல் வெளிவந்த அறிக்கையின்படி, அவர்களின் இரத்தத்தில் பி செல்களின் எண்ணிக்கை இயல்பாகவே இருந்தும், எதிர்ப்பொருள் அளவு தாழ்ந்து, தடுப்பூசிக்குரிய மறுமொழியும் குன்றியிருந்தது. எண்ணிப் பார்ப்பது மட்டும் போதாது என்று நான் வற்புறுத்துவதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

அடக்கும் பக்கத்தில் இரண்டை மறக்கக் கூடாது. சிடி22 தன்னைச் சுற்றியுள்ள சர்க்கரைச் சங்கிலிகளின் நுனியிலுள்ள சியாலிக் அமிலத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஏற்பி தூண்டப்படும்போது எஸ்எச்பி-1 என்னும் நொதியை அழைத்து, ஏற்றப்பட்ட பாஸ்பேட்டைக் கழற்ற வைக்கிறது. சிடி32பி, ஐஜிஜி எதிர்ப்பொருளின் வால்பகுதியைப் பிடிக்கும் ஏற்பி. ஆன்டிஜெனோடு ஏற்கெனவே ஐஜிஜி ஒட்டியிருந்தால், சிடி32பியும் பி செல் ஏற்பியும் ஒன்றாக இழுக்கப்பட்டு, ஷிப்-1 என்னும் நொதி வழியாகச் சமிக்ஞை தணிக்கப்படுகிறது. போதுமான எதிர்ப்பொருள் உண்டாகிவிட்டது என்பதைச் செல்லுக்கு அறிவிக்கும் ஏற்பாடு இது.

பி செல்லுக்கு உதவும் டி செல்லின் பக்கத்திலிருந்து வரும் முதன்மையான கைகோப்பு, பி செல்லின் சிடி40உம், தூண்டப்பட்ட டி செல்லின் சிடி40எல்லும் சேர்வது. சிடி40எல் பழுதானால் ஐஜிஎம்மிலிருந்து ஐஜிஜி, ஐஜிஏவுக்கு மாறும் திறன் குன்றிப்போகும் நோய் உண்டாகிறது; ஐஜிஎம் மட்டும் இயல்பாகவோ மிகுந்தோ காணப்படும். ஐகாஸ் இணைவி, சிடி80, சிடி86 போன்றவையும் இந்த உரையாடலில் பங்கேற்கின்றன. பாஃப் என்னும் புரதத்தைப் பிடிக்கும் ஏற்பி தூண்டுவதைவிடச் செல்லை உயிரோடு வைத்திருப்பதிலேயே பெரிதும் ஈடுபடுகிறது. முதல் ஆய்வுக்கு இவற்றை விட்டுவிடலாம்.

இரத்தமும் செல்களும்

கொடையாளரிடமிருந்து இரத்தம் எடுக்கும் முன் நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், கொடையாளரின் எழுத்து வடிவிலான இசைவும் கட்டாயம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்களைப் படித்துவிட்டே விண்ணப்பம் எழுத வேண்டும். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஆண்டில் இரு பருவமழையும் உண்டு, அவற்றோடு காய்ச்சலும் உண்டு. அண்மையில் காய்ச்சல் கண்டவர்களையும் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களையும் ஒரு மாதம் தள்ளிவைப்பது நல்லது. டெங்கு போன்ற தொற்றின்போது இரத்தத்தில் பிளாஸ்மாபிளாஸ்ட்டுகள் (தூண்டப்பட்டு எதிர்ப்பொருள் சுரக்கத் தொடங்கிய பி செல்கள்) பெருகுவதால், ஓய்ந்த பி செல்லைத் தேடி வந்த நமக்கு ஏற்கெனவே விழித்தவை கிடைத்துவிடும்.

இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் உள்ள குழாயில் 20 மில்லிலிட்டர் எடுத்துக்கொள்க. மற்றோர் உறைதடுப்பியான ஈடிடிஏ கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாதலால், கால்சியப் பாய்ச்சலை அளக்க எண்ணுவோருக்கு அது ஏற்றதன்று. குழாயை நண்பகல் வெயிலில் நிற்கும் இருசக்கர வண்டியின் இருக்கைக்கடியில் வைத்துக் கொண்டுவருவதும், அதற்கு அஞ்சிப் பனிக்கட்டியில் புதைப்பதும் ஒரே அளவுக்குத் தவறு. அறை வெப்பநிலையில், சில மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும். 1.077 அடர்த்தியுள்ள ஃபைக்கால் கரைசலின் மேல் இரத்தத்தை மெதுவாகப் படியவிட்டு, 400 ஜி விசையில் 30 நிமிடம், பிரேக் இல்லாமல் சுழற்றி, இடையில் தெரியும், ஒற்றை உட்கருச் செல்கள் அடங்கிய வெண்படலத்தை எடுத்துக் கழுவுக.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது பின்னால் வரும் ஏமாற்றத்தைத் தவிர்க்கும். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் 10 முதல் 20 லட்சம் ஒற்றை உட்கருச் செல்கள் கிடைக்கும் என்று கொண்டால், 20 மில்லிலிட்டரில் 2 முதல் 4 கோடி. அதில் பத்தில் ஒரு பங்கு பி செல் என்றால் 20 முதல் 40 லட்சம். பிரித்தெடுப்பதில் பாதி போய்விட்டால் மிஞ்சுவது 10 முதல் 20 லட்சம். குழிக்கு ஒரு லட்சம் செல் என்றால் 10 முதல் 20 குழிகள். ஒவ்வொரு சோதனை நிலைக்கும் மூன்று குழி வைத்தால் ஆறு நிலைகளைத் தாண்ட முடியாது. ஆய்வேட்டு முன்மொழிவில் பதினைந்து நிலைகளை எழுதிவிட்டு வருவோர் இந்த வரியில் சற்று நிற்க வேண்டும்.

பி செல்லைப் பிரிக்கும் முறையிலும் மேற்பரப்பு மூலக்கூறு குறுக்கிடுகிறது. சிடி19ஐப் பிடிக்கும் காந்த மணிகளால் பி செல்லை நேரடியாக இழுத்தெடுத்தால் தூய்மை நன்றாக வரும். ஆனால் தூண்டலை வலுப்படுத்தும் மூலக்கூறையே நாம் முன்கூட்டிப் பிணைத்துவிட்டோம். ஆகவே டி செல், மோனோசைட், இயற்கைக் கொல்லி செல் முதலியவற்றை மணிகளால் நீக்கி, தொடப்படாத பி செல்லை மீதியாகப் பெறும் எதிர்மறைத் தேர்வு முறையே இவ்வாய்வுக்கு உகந்தது. தூய்மை 95 சதவீதத்துக்குக் குறைந்தால் தொடர வேண்டாம்.

தூண்டும் பொருளைத் தேர்ந்தெடுத்தல்

ஆய்வின் உயிர் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. ஒவ்வொரு கொடையாளரிடமும் ஒவ்வொரு பி செல்லின் ஏற்பியும் வெவ்வேறு ஆன்டிஜெனைப் பிடிப்பதால், அனைத்தையும் ஒரே நேரத்தில் தூண்டுவதற்கு மனித ஐஜிஎம்மைப் பிடிக்கும் எதிர்ப்பொருளைப் பயன்படுத்துகிறோம். இதை வாங்கும்போது முழு எதிர்ப்பொருளா, வால்பகுதி நீக்கப்பட்டு இரு கைகள் மட்டும் கொண்ட எஃப்-ஏபி-2 துண்டா என்று பார்த்து வாங்க வேண்டும். முழு எதிர்ப்பொருள் தன் கைகளால் ஐஜிஎம்மைப் பிடிக்கும் அதே வேளையில், தன் வாலால் சிடி32பியையும் பிடிக்கக்கூடும். அப்போது நங்கூரத்தைத் தூக்காமல் வள்ளத்தின் இயந்திரத்தை முடுக்கியது போலாகும்: தூண்டலும் அடக்கலும் ஒரே குழியில் நடக்கும், செல் நகராது. இரண்டுக்கும் விலையில் வேறுபாடு உண்டு என்பதற்காக மலிவானதை வாங்கி, மனித பி செல் மறுமொழி தரவில்லை என்று முடிவெழுதுவது அநியாயம்.

ஆனால் இதே குறையை ஆய்வாகவும் மாற்றலாம். ஒரு நிலையில் எஃப்-ஏபி-2 துண்டையும், மற்றொன்றில் அதே இனத்து விலங்கிலிருந்து பெற்ற முழு எதிர்ப்பொருளையும், இரண்டிலும் கைகளின் எண்ணிக்கை சமமாக வருமாறு அளவைச் சரிசெய்து இடுக. மூன்றாவது நிலையில் முழு எதிர்ப்பொருளுக்கு முன்பாக, சிடி32ஐ அடைக்கும் எதிர்ப்பொருளின் வாலில்லாத துண்டை இட்டு வைக்கலாம். முதல் நிலையில் உயர்ந்த மறுமொழி இரண்டாவதில் தாழ்ந்து, மூன்றாவதில் மீண்டும் எழுந்தால், சிடி32பியின் பங்கை நீங்கள் நேரடியாகவே காட்டிவிட்டீர்கள். முதுநிலை ஆய்வேடு ஒன்றுக்கு இது மட்டுமே போதும் என்பது என் கருத்து.

எஃப்-ஏபி-2 துண்டின் அளவு வழக்கமாக மில்லிலிட்டருக்கு 5 முதல் 10 மைக்ரோகிராம். எனினும் ஒரே அளவை எடுத்துக்கொண்டால் துணை மூலக்கூறுகளின் பங்கு தெரியாமல் போகும். சிடி19உம் சிடி21உம் செய்வது தூண்டலின் வாசலைத் தாழ்த்துவதே. சிடி19ஐ ஏற்பியோடு சேர்த்துப் பிணைத்தால், தேவைப்படும் ஏற்பிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகக் குறைகிறது என்று 1992இலேயே காட்டியிருக்கிறார்கள். வாசலைத் தாண்டிய பின் மறுமொழி உச்சத்தில் நிற்கும்போது எவ்வளவு துணை சேர்த்தாலும் கூடுதலாக எதுவும் தெரியாது. எனவே 10, 3, 1, 0.3, 0.1 மைக்ரோகிராம் என்று இறங்குவரிசையில் முதலில் ஒரு கொடையாளரிடம் பார்த்து, உச்சத்தில் பாதி மறுமொழி தரும் அளவைக் கண்டுபிடித்து, அந்த அளவிலேயே துணை மூலக்கூறைச் சோதிக்க வேண்டும்.

சிடி22இல் இன்னொரு நுட்பம் உண்டு. அதனைப் பி செல் ஏற்பியோடு ஒரே மணியில் சேர்த்துப் பிணைத்தால் சமிக்ஞை அடங்குகிறது. ஏற்பியிலிருந்து பிரித்துத் தனி மணியில் இழுத்து வைத்தால், அடக்குவதற்கு அருகில் ஆள் இல்லாமல் போவதால் சமிக்ஞை கூடுகிறது. ஒரு மூலக்கூறு தூண்டுமா அடக்குமா என்று மட்டும் கேட்பது ஏன் முழுமையான கேள்வி ஆகாது என்பதை இது விளக்கும். எங்கே, எதற்கு அருகில் என்பதும் சேர்ந்தால்தான் விடை பொருள்படும்.

சிடி40எல்லை வாங்கும்போது அதன் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். இயற்கையில் அது மும்மூன்றாகச் சேர்ந்து டி செல்லின் மேல் நெருக்கமாக நிற்கிறது; கரைசலில் தனித்து மிதக்கும் வடிவம் வலுவற்றது. பல மூலக்கூறுகளை ஒன்றாகக் கோத்த வடிவத்தையோ, குறுக்கே பிணைக்கும் எதிர்ப்பொருளோடு சேர்த்தோ பயன்படுத்துக. சிடி40இன் பங்கைத் தடுத்துப் பார்க்க விரும்புவோர், சிடி40ஐப் பிடிக்கும் எதிர்ப்பொருளை இடுவதைவிட சிடி40எல்லைப் பிடிப்பதை இடுவதே பாதுகாப்பானது. ஏனெனில் சிடி40ஐப் பிடிக்கும் எதிர்ப்பொருள்களில் சில, தடுப்பதற்குப் பதிலாகத் தாமே தூண்டிவிடும்.

எலி ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துவிட்டு லிப்போபாலிசாக்கரைடை (ஒருசார் பாக்டீரியாவின் வெளிப்படலப் பொருளை) வாங்கி வைத்திருப்போர் அதை ஃப்ரீசரிலேயே விட்டுவிடலாம். எலியின் பி செல் அதற்கு நன்றாகவே பெருகும். மனித பி செல்லில் அதற்குரிய ஏற்பியான டிஎல்ஆர்4 மிகக் குறைவு. அப்படியும் ஏதோ மறுமொழி தெரிந்தால், தூய்மை குறைந்த மாதிரியில் தங்கிய மோனோசைட்டுகள் அதை உணர்ந்து சுரக்கும் சைட்டோகைன்களே (செல்களுக்கிடையே செய்தி கொண்டுசெல்லும் புரதங்களே) காரணமாயிருக்க வாய்ப்பு மிகுதி. மனித பி செல்லுக்கு உறுதியான நேர்மறைக் கட்டுப்பாடாக சிபிஜி 2006 என்னும் டிஎன்ஏ துண்டை இடலாம். அதன் ஏற்பியான டிஎல்ஆர்9 மேற்பரப்பில் இல்லாமல் செல்லுக்குள் இருப்பது. ஒப்பீட்டுக்காக மட்டுமே அதை வைத்துக்கொள்கிறோம். முன்பே ஆன்டிஜெனைச் சந்தித்த நினைவு பி செல்கள் சிபிஜிக்குத் தனியாகவே நன்கு மறுமொழி தரும். இன்னும் ஆன்டிஜெனைச் சந்திக்காத புதுச் செல்களுக்கு ஏற்பியின் தூண்டலும் சேர்ந்தால்தான் அது போதுமானதாகிறது.

சமிக்ஞை உண்மையிலேயே ஏற்பி வழியாகத்தான் சென்றதா என்று ஐயம் எழுந்தால், பிடிகேயை மீளாதபடி முடக்கும் இப்ருட்டினிப் மருந்தை ஒரு நிலையில் சேர்த்துப் பார்க்கலாம். அதைக் கரைத்த டிஎம்எஸ்ஓவை மட்டும் இட்ட குழியும் உடன் இருக்க வேண்டும்.

வளர்ப்பும் நேரமும்

ஆர்பிஎம்ஐ 1640 ஊடகம், வெப்பத்தால் செயலிழக்கச் செய்த 10 சதவீதக் கன்றுக்கருச் சீரம், 37 டிகிரி, 5 சதவீதக் கரியமில வாயு, வளைந்த அடி கொண்ட 96 குழித் தட்டு: இவை வழக்கமானவை. மனிதச் சீரத்தில் ஐஜிஜி நிறைந்திருக்கும், அது சிடி32பியில் போய் அமரும் என்பதால் இங்கே வேண்டாம். மழைக்காலத்தில் மின்தடை இன்குபேட்டரின் வாயுவைக் குலைத்தாலும் ஊடகத்தின் அமிலத்தன்மை உடனே மாறாதிருக்க, 10 முதல் 25 மில்லிமோலார் ஹெப்பீஸ் சேர்ப்பது உதவும்.

கால்சியப் பாய்ச்சலை விநாடிகளிலும், சிக்கின் பாஸ்பேட் ஏற்றத்தை 2 முதல் 5 நிமிடத்திலும் பார்க்க வேண்டும். செல் விழித்ததற்கு அடையாளமாக மேற்பரப்பில் எழும் மூலக்கூறுகளில் சிடி69 சில மணி நேரத்தில் எழத் தொடங்கி ஒரு நாளுக்குள் நன்றாகத் தெரியும். சிடி86க்கு 24 முதல் 48 மணி நேரம். செல் பிரிவதை அறிய 4 அல்லது 5 நாள். சுரந்த எதிர்ப்பொருளை எலைசா சோதனையில் (நிறமாற்றத்தைக் கொண்டு அளக்கும் முறை) அளக்க ஒரு வாரம் அல்லது அதற்கு மேல். சிடி69 எதற்கும் எழும் என்பதால், அதை மட்டும் வைத்துக்கொண்டு எந்த மூலக்கூறு எதைச் செய்தது என்று வேறுபடுத்த முடியாது. சிடி86ஐயும் செல் பிரிவையும் உடன் வைத்தால்தான், விழித்துக்கொண்ட செல்லையும் விழித்துப் பெருகிய செல்லையும் பிரித்தறியலாம்.

சைட்டோமீட்டருக்குக் கொண்டுசெல்லுதல்

செல்லை நிறமேற்றும்போது, உயிரற்றவற்றைக் காட்டும் சாயம் முதலிலும், ஐஜிஜி வால்களைப் பிடிக்கும் ஏற்பிகளை அடைக்கும் கரைசல் அடுத்தும், நிற எதிர்ப்பொருள்கள் அதன் பின்னரும் வர வேண்டும். அடைக்கும் கரைசலை வளர்ப்பு நேரத்திலேயே இட்டுவிட்டால், சிடி32பியைப் பற்றிய கேள்வியையே அழித்துவிட்டதாகும். ஐஜிஎம்மைப் பிடித்துத் தூண்டிய குழியில் ஐஜிஎம்மை நிறமேற்றி வகைப்படுத்த முயல வேண்டாம். அது மறைந்தோ உள்ளிழுக்கப்பட்டோ இருக்கும். நினைவுச் செல்லின் அடையாளமான சிடி27உம் தூண்டலுக்குப் பின் புதுச் செல்களின் மேலும் தோன்றுவதால், புதுச் செல், நினைவுச் செல் என்ற பிரிப்பை ஐஜிடி, சிடி27 கொண்டு தூண்டலுக்கு முன்பே செய்ய வேண்டும்.

திருவனந்தபுரத்திலோ வேறெங்கோ உள்ள கருவிக்குக் கொண்டுசெல்வதாக இருந்தால், நிறமேற்றிய செல்களை 1 முதல் 2 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்தி, கழுவி, அலுமினியத் தாளில் சுற்றி, 4 டிகிரி அளவில் வைத்து, மறுநாளுக்குள் ஓட்டிவிட வேண்டும். குழாய் பனிக்கட்டியை நேரடியாகத் தொட்டு உறைந்துவிடாதபடி நடுவில் துணியோ தாளோ வைக்கவும். கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை நெரிசலில் பேருந்து நிற்கும் நேரத்தையும் கணக்கில் கொள்க. பிஇ-சிஒய்7 போன்ற இணைச் சாயங்கள் ஒளியிலும் வெப்பத்திலும் சிதைந்து, இல்லாத சிடி86ஐ இருப்பதாகக் காட்டக்கூடும். கால்சியப் பாய்ச்சலுக்கு இந்த வழி உதவாது. அதை, கால்சியத்தைக் காட்டும் சாயம் ஏற்றிய உயிருள்ள செல்லோடு கருவிக்கு முன்னால் அமர்ந்தே செய்ய வேண்டும். முதலில் அரை நிமிடமாவது தூண்டாத அளவைப் பதிந்து, பின் தூண்டி, கடைசியில், கால்சியத்தைச் செல்லுக்குள் விடும் அயனோமைசின் இட்டு, சாயம் ஏறியிருக்கிறது என்பதை உறுதிசெய்துகொள்க.

முடிவை வாசித்தல்

தூண்டாத குழியிலேயே சிடி69 உயர்ந்திருந்தால் மற்றக் குழிகளைப் பார்ப்பதில் பயனில்லை. கொடையாளரின் உடல்நிலை, பிரித்தெடுத்த முறை, இரத்தம் காத்திருந்த நேரம் ஆகிய மூன்றையும் வரிசையாக ஆராய்க. எஃப்-ஏபி-2 துண்டுக்கு ஒரு கொடையாளரின் செல்கள் குறைவாகவே மறுமொழி தந்தால், அவரிடம் ஐஜிஜி, ஐஜிஏவுக்கு மாறிய நினைவுச் செல்கள் மிகுதியா என்று பார்க்கவும். ஐஜிஎம்மைப் பிடிக்கும் பொருள் அவற்றைத் தொடவே தொடாது. மறுமொழி தந்த செல்களின் சதவீதத்தையும், ஒவ்வொரு செல்லிலும் எழுந்த மூலக்கூறின் சராசரி ஒளிர்வையும் தனித்தனியே தர வேண்டும். வாசலைத் தாழ்த்தும் மூலக்கூறு முதலாவதையே பெரிதும் மாற்றலாம். இரண்டில் ஒன்றை மட்டும் எழுதினால் அது தெரியாது.

மூன்று குழிகள் மூன்று மனிதர்கள் ஆகமாட்டா. புள்ளியியலில் எண்ணிக்கை என்பது கொடையாளர்களின் எண்ணிக்கையே. ஒரே கொடையாளரின் இரு நிலைகளை இணையாக ஒப்பிட வில்காக்சன் குறித்தர வரிசைச் சோதனையைப் பயன்படுத்துவோர், ஐந்து கொடையாளர்களும் ஒரே திசையில் மறுமொழி தந்தாலும் இருபக்க நிகழ்தகவு மதிப்பு 0.0625க்குக் கீழே இறங்காது என்பதைத் தொடங்கும் முன்பே அறிந்திருக்க வேண்டும்; ஆறு பேர் இருந்தால் 0.03125 வரை இறங்கலாம். முன்மொழிவில் ஐந்து என்று எழுதியிருந்தால், இரத்தம் எடுக்கத் தொடங்கும் முன் நெறிமுறைக் குழுவிடம் எண்ணிக்கையைத் திருத்தி வாங்கிக்கொள்க. ஆய்வேட்டின் செய்முறைப் பகுதியில், பயன்படுத்திய ஒவ்வொரு எதிர்ப்பொருளுக்கும் குளோன் பெயர், பெற்ற விலங்கு, முழு வடிவமா துண்டா, தொகுதி எண், இட்ட அளவு ஆகிய ஐந்தையும் எழுதுக. சோடியம் அசைடு சேர்த்துப் பாதுகாக்கப்பட்ட புட்டியிலிருந்து எடுத்து வளர்ப்பில் இட்டிருந்தால், அதையும் மறைக்காமல் குறிக்க வேண்டும். அசைடு செல்லைக் கொல்லும், கொன்றபின் அது சிடி22இன் அடக்கலைப் போலவே தோன்றும்.